எந்த மாநிலத்திலும் செல்லும் பதிவு

செவ்வாய், இரவு

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தெரபி சென்டரில் முதலாளி என்னிடம் ஒரு பாண்டு பேப்பரை நீட்டினார். கை கால் விளங்காதவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் என்னைப் போன்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இனி ஒரே பதிவில் எந்த மாநிலத்திலும் வேலை பார்க்கலாம் என்று பேச்சு வந்ததிலிருந்து அவருக்குப் பயம்.

"மூணு வருசம் எங்கயும் போகமாட்டேன்னு கையெழுத்துப் போடும்மா. கேரளாக்காரன் ரெண்டு மடங்கு தந்தா நீ போயிருவ."

"அப்ப என் வேலை அம்புட்டு பெறும்னு உங்களுக்கே தெரியுது, சார்."

நான் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன்.

"ஏட்டி, இருக்கிற வேலையையும் கெடுத்துக்காத" என்றாள் அம்மா.

பயமாகத்தான் இருக்கிறது. கை விளங்காமல் வந்த தளவாய்புரத்து டீச்சர் இப்போதுதான் தானாகச் சோறு பிசைகிறார். அவரை விட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆனால் கட்டிப்போட்டால் இருக்கமாட்டேன். சம்பளத்தைக் கூட்டட்டும், இருக்கிறேன். காலையில் முதல் வேலையாக இதை முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.