உள்ளே ஆள் இருக்கிறார்

மார்ச் 4

கர்த்தருக்குள் பிரியமான என் செல்ல மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். நலம் என்று எழுதினாலும், நேற்று உன் அப்பாவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். கதவு தட்டினது கம்பெனி ஆள் என்று நினைத்து உள்ளே புகுந்துவிட்டேன். புகுந்தது சுலபம், தொந்திதான் வெளியே வர மறுத்தது. வந்தவர் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர். ஒரு காலை அவர் பிடித்தார், ஒரு காலை அம்மா. "என்ன சார், எலி பிடிக்கிறீங்களா?" என்றார். "ஆமா, பிடிச்சாச்சு" என்றாள் உன் அம்மா.

சிரித்துவிட்டாயா? இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சோப்புக் கம்பெனி வெல்டர் இறந்துவிட்டான். கோயிலில் நமக்கு முன் பெஞ்சில் உட்காருவானே, விசில் என்று கூப்பிடுவோமே, அவன்தான். சோப்பு கலக்கும் தொட்டிக்குள் இறங்கி விரிசல் தேடிக்கொண்டிருந்தான். உள்ளே இறங்குகிறவன் தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையை சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று அதில் எழுதியிருக்கும். மாட்டினவன்தான் கழற்ற வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. அன்று சூப்பர்வைசர் கழற்றினார். அவசர ஆர்டராம். குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தொட்டிக் கலக்கியைச் சுற்றவிடும் பட்டனை அழுத்தினார். நான் நாலடி தள்ளி வால்வு பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே இருக்கிறவரைக்கும் ஏதாவது ஒரு கீர்த்தனையை விசிலடித்துக்கொண்டே இருப்பான். அன்று விசில் நின்றிருந்தது. வெளியே வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

இப்போது, அவன் அட்டையே மாட்டவில்லை, குடித்திருந்தான் என்கிறார்கள். அவனா? இருமல் மருந்துக்கே முகம் சுளிப்பான். நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அட்டையைக் கூடையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன், என் பைபிளுக்குள் இருக்கிறது. பதினெட்டாம் தேதி விசாரணை. போன் கம்பெனி கொடுத்தது, அதில் பேசப் பயம். அதனால்தான் கடிதம்.

பயத்தோடும் பாசத்தோடும்,
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டில் கதைக்குச் சிரித்தேன். அடுத்த பத்தியைப் படித்ததும், வார்டுக்குத் திரும்பிப் போக முடியாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அப்பா. நீங்கள் பல்லிக்கே பயப்படுகிறவர். அடிவாங்கி வந்து, 'மாடிப்படியில் விழுந்துட்டேன் சிஸ்டர்' என்று பொய் சொல்கிற எத்தனை பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன் தெரியுமா? கடைசியில் நியாயம் தீர்க்க ஆண்டவர் இருக்கிறார் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? அவர் பார்த்துக்கொள்வார். அட்டையை அடுப்பில் போடுங்கள். எனக்கு அப்பா வேண்டும்.

உங்கள் மகள்

மார்ச் 13

என் கண்ணு,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "உங்க மக அப்படியே உங்களை மாதிரி" என்றாள் அம்மா. பாராட்டு மாதிரி தெரியவில்லை.

நீ சொன்னபடி கையெழுத்துப் போடத்தான் போனேன். சூப்பர்வைசர் நாற்காலி இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே" என்றார். பத்து வருஷத்தில் முதல் அண்ணே. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க பொண்ணு தனியா ஹாஸ்டல்ல இருக்காளாமே?" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "கண்ணாடி மறந்துட்டேன் சார், நாளைக்கு வர்றேன்" என்று எழுந்து ஓடி வந்தேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

மூன்று நாளாக எதிர் வீட்டுச் சுவரோரம் இரண்டு பேர் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஜன்னல் பக்கமே போவதில்லை.

அவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாய். நிஜம்தான். ஆனால் அவர் விசாரிக்கும்போது நாலடியில் நின்ற என்னையும் கூப்பிடுவாரே, கண்ணு. அங்கே போய்க் கண்ணாடி மறந்துட்டேன் என்று சொல்ல முடியுமா?

தனியாக எங்கேயும் போகாதே. துணைக்கு ஆள் கூட்டிக்கொள்.

அப்பா

மார்ச் 20

அன்பு மகளே,

சொல்லிவிட்டேன். அட்டையை மேசையில் வைத்து, கழற்றினது யார் என்று கை காட்டினேன். விசாரணை அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கே வேணும்னாலும் கிடைச்சிருக்கலாமே" என்று ஓரமாகத் தள்ளினார். இறந்தவனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. படி இறங்கும்போது சூப்பர்வைசர் சிரித்தார்: "பத்திரமா வீட்டுக்குப் போங்கண்ணே." வழியெல்லாம் பைக் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

வாசலில் விசிலின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தராவது சொன்னீங்களேண்ணே. போகட்டும், மேல ஒரு கோர்ட் இருக்கு. அங்க இவங்க எதையும் ஓரமா தள்ள முடியாது. அதை நம்பித்தான் நான் தூங்குறேன்" என்றாள்.

நானும் அதைத்தான் நம்புகிறேன். அதனால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன். முதல் கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதியிருக்கிறேன், மகளே. அவன் இறந்ததற்கு முந்தின வாரம்தான் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு" என்று என்னைத் திட்டியிருந்தார். அன்று அவர் அட்டையைக் கழற்றினார், கூடையில் போட்டார், பட்டன் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை கத்த நேரம் இருந்தது.

விசில் நிற்கவில்லை. எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்பா