பீரோக் கதவில் ஐந்தாண்டுத் திட்டம்

12 ஜூன் 1991, ராஜபாளையம்
கல்லூரி திறந்துவிட்டது. விலங்கியல் பாடம் மட்டுமே நடத்திக்கொண்டிருந்தால் ஓய்வு பெறும் நாளில் ஒரு சால்வைதான் மிஞ்சும். அதனால் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஐந்து கட்டம் போட்டேன். 91: மலையணில் கூடுகளைக் கணக்கெடுப்பது. 92: முதல் கட்டுரை. 93: அதைக் காட்டி டெல்லியில் ஆராய்ச்சி நிதி கேட்பது. 94, 95: வெளிநாட்டு இதழ். மதுரையில் என் வழிகாட்டி ஞானதுரை சார் சொன்ன வரிசை இது. "கட்டுரை இல்லாம பணம் கேக்காதீங்கம்மா, கமிட்டியில கவரைக்கூடப் பிரிக்க மாட்டாங்க."

தாளைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. "ஏட்டி மாஜிதா, கவர்மெண்டுக்குப் பொறவு ஐந்தாண்டுத் திட்டம் போட்டவ நீதான்." பேண்டேஜ் துணி விற்பவருக்கு என்ன தெரியும்!

3 நவம்பர் 1991
ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம். காட்டுக் காவலர் இருளப்பசாமி மரம் மரமாக அண்ணாந்து பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். ஆற்றோரம் கருப்பசாமி தோப்பு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லையிலேயே நின்றுகொண்டேன். என்னால் அவர்கள் சாமிக்கு ஒரு குறை வரவேண்டாம். நோட்டை அவரிடம் கொடுத்தனுப்பினேன். அந்தப் பக்கத்தை வெறுமையாகத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து பூஜ்யம் போட்டேன்.

19 ஆகஸ்ட் 1992
கட்டுரை ஏற்கப்பட்டது! சாமி கும்பிட ஆள் நடமாடும் தோப்பை மலையணில் ஒதுக்குகிறது என்ற முடிவு புதுசாம். ஏப்ரல் இதழில் வரும். பீரோத் தாளில் 92-க்கு நேராகச் சிவப்பு மையில் டிக்.

10 ஜனவரி 1993
இருளப்பசாமியின் மனைவி வெள்ளைத்தாய் தோப்புக்கு அழைத்திருந்தாள். எல்லையில் நின்றவளை, "எல்லாரும் உள்ள வரலாம், வாங்க டீச்சர்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அண்ணாந்தேன். கூடு. அடுத்த மரத்திலும் கூடு. பதினாலு வரை எண்ணினேன், தலை சுற்றிவிட்டது.

"என்ன இருளப்பசாமி இது?"

"சாமி மரத்துல இருக்கறத எண்ணப்படாது டீச்சர். எண்ணுனா கொறைஞ்சு போகும். அதான் எழுதாம விட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பூஜ்யம் போட்டவள் நான்.

11 ஜனவரி
நிதிக்கு மனுப்போட மார்ச் முப்பத்தொன்று கடைசி. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? டெல்லிக்காரர்கள் தோப்புக்கு வந்து அண்ணாந்து பார்க்கப் போகிறார்களா? — சீ, என்ன புத்தி இது. ஆனா ரெண்டு வருசம்! மழையில நனைஞ்சு, அட்டைக்கடி வாங்கி... அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் விவரம் கேட்டார். "இன்னும் அச்சாகலேல்லா? அளவு தப்பின துணிக்கட்டு லாரியில ஏறிட்டாலும் நான் எறக்கிருவேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுல்லா."

13 ஜனவரி
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்குப் பதிவுத் தபால். ஞானதுரை சார் போனில் "ரெண்டு வருஷம் பின்னால போயிட்டீங்கம்மா" என்றார். ஆமாம்.

14 ஜனவரி
பீரோவைத் திறக்கப் பிடிக்கவில்லை. கொடியில் காய்ந்த சேலையையே கட்டிக்கொண்டேன்.

6 பிப்ரவரி 1994
வழி சொன்னவர் இருளப்பசாமி. கூடு ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை, துணிப்பைக்குள். "நான் போட மட்டும்தான் செய்வேன். வீட்டுல போயி நீங்க எண்ணிக்கோங்க. புளியங்கொட்டைய எண்ணுனா சாமிக்கு என்ன கோவம்?"

முறத்தில் கொட்டி எண்ணினேன். முப்பத்தேழு. தோப்புக்கு வெளியே மொத்தமே பதினொன்றுதான். எண்ணக்கூடாது என்ற இடத்தில் யாரும் கிளையை வெட்டவும் இல்லை.

2 டிசம்பர் 1994
புதிய கட்டுரையை ஏற்றுவிட்டார்கள். இரண்டு பெயர்கள்: என்னுடையது, இருளப்பசாமியுடையது. மதிப்பீட்டாளர் கேட்டது ஒரே கேள்வி: ஏன் நேராக எண்ணவில்லை? ஒன்றரைப் பக்கம் பதில் எழுதியிருந்தேன்.

17 ஆகஸ்ட் 1995
டெல்லியிலிருந்து கவர். மார்ச்சில் போட்ட மனுவுக்கு நிதி கிடைத்துவிட்டது. நான் கேட்டிருந்த கருவிகளின் பட்டியலையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பைனாகுலர் இரண்டு, அளவு நாடா, மழைக்கோட்டு, கடைசியில் புளியங்கொட்டை ஒரு படி.

மழைக்கோட்டை அடித்துவிட்டார்கள். புளியங்கொட்டைக்கு நேராக, அனுமதி என்று முத்திரை.