காய்ச்சலும் பாய்ச்சலும்

இன்று மதியம் ஆய்வகத்தில், மீத்தேன் அளக்கும் கருவியின் திரையில் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியது. பார்த்ததும் என் வாயில் வந்தது, "சே, கால அசைச்சிட்டேன்" என்பதுதான். அடுத்த நொடி கை நின்றுவிட்டது. நான் காலை அசைக்கவே இல்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, நம் வயல்கார அண்ணனின் அதே வயலில், அறுப்புக்காகத் தண்ணீர் வடிய மடையைத் திறந்துவிட்ட காலையில் பலகைமேல் ஆடாமல் நின்று பிடித்த காற்று அது. ஆறு வருஷத்துக்கு முன் இதே போன்ற ஒரு நாளில் நீயும் இப்படி ஓர் அளவைக் கொண்டுவந்தாய். அதன்மேல் சிவப்புக் கோடு போட்டவள் நான்.

திருப்பாதிரிப்புலியூரில் காலை வண்டி ஏறி, புட்டிகள் கலகலக்கும் பையோடு சிதம்பரத்தில் வந்து இறங்குவாய். இடுப்பளவு உயரமுள்ள அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காருவாய். பயிரின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைச் சிரிஞ்சால் இழுத்துப் புட்டியில் அடைப்பது நம் வேலை. சேற்றில் கால் அழுந்தினால் குமிழி கிளம்பி அளவு பொய்யாகிவிடும். அதற்காகத்தான் வரப்பிலிருந்து பலகை.

முதல் நாள் வயல்கார அண்ணன் வந்து, "என்னம்மா, பொட்டியக் கவுத்து எதப் புடிக்கிறீங்க?" என்றார். "ஒங்க நெலம் வுடற மூச்சண்ணே" என்றாய், சிரிக்காமல். "புடிங்க, புடிங்க. திருப்பி வுட்டுட்டுப் போங்க" என்று அவர் போய்விட்டார். நாம்தான் அடக்கமுடியாமல் சிரித்தோம்.

சேற்றுக்குள் காற்றுப் படாத இடத்தில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு நீ வைத்த பெயர் 'நம்ம ஆளுங்க'. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டிக் கிடந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால், மண்ணுக்குள் காற்று நுழைந்து அடங்கிவிடுவார்கள். உன் மேசையில் ஏதோ ஒரு குளிர்நாட்டு மட்கு நிலத்தின் படம் ஒட்டியிருந்தது. ஆள் ஆழத்துக்கு மட்கிய பாசியும் புல்லும். நடுவே யாரோ வெட்டிய வடிகால்.

"வடிச்சா மீத்தேன் கொறையும், ஆனா காலங்காலமா சேந்த கார்பனெல்லாம் மட்கிக் காத்துல போயிடும். வடிகாலை அடைச்சா கார்பன் நிக்கும், நம்ம ஆளுங்க முழிச்சிப்பாங்க. அந்த ஊர்க்காரங்க என்னதான் பண்ணுவாங்க, சொல்லு?" என்று என்னிடமே கேட்பாய். "ஒரு நாளு போயி அந்தச் சேத்துல கால வெக்கணும்டி."

"வெச்சா அளவு தப்பாயிடும்" என்பேன்.

ஆறு வருஷத்துக்கு முன் மடை திறந்த அன்று குறிஞ்சிப்பாடியில் என் அக்காவுக்கு வளைகாப்பு. வயலுக்கு நீ தனியாகப் போனாய். மறுநாள் பார்த்தால் நான்கு புட்டியிலும் அளவு எகிறிக் கிடந்தது.

"தண்ணிய வடிச்ச அன்னிக்கு இவ்ளோ எப்படி வரும்? வயல்ல எறங்கிட்டியா?"

"இல்லடி, பலகையிலதான் நின்னேன்."

"அப்ப எதுக்கு இவ்ளோ ஜாஸ்தி?"

"எனக்குத் தெரியல. ஆனா நான் கால அசைக்கலடி."

தெரியவில்லை என்று சொல்ல உனக்கு முடிந்தது. எனக்கு முடியவில்லை. நோட்டில் உன் எண்கள்மேல் கோடு போட்டு, குறிப்புக் கட்டத்தில் 'கால் அசைவு' என்று எழுதினேன். அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கும்போது, திட்டப் பொறுப்பாளர் அந்த நோட்டைப் புரட்டி, உனக்குக் கவனம் போதாது என்றார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாதது அந்தக் கோடுகூட அல்ல, இதுதான்.

கடலூரில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் நீ வேலைக்குச் சேர்ந்தாய். நாம் சண்டை போடவில்லை. என் பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்து எப்போதும் உன்னுடையதாகத்தான் இருந்தது. போன வருஷம் உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைக் கண்ணால் காட்டி, "காய்ச்சல் மட்டும் இருந்துச்சு. இப்பப் பாய்ச்சலும் குடுத்துட்டாங்க பாரு" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். கொண்டுபோன சாத்துக்குடியை உரித்துக் கொடுத்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன். மூன்றாம் நாள் உன் தம்பி போன் செய்து, நீ போய்விட்டாய் என்றான்.

இன்று நானும் நான்கு புட்டிகளையும் கருவியில் ஓட்டிப் பார்த்தேன். நான்கிலும் அதேதான். தண்ணீர் இறங்கும்போது, அதுவரை சேற்றுக்குள் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வருகிறது; அதற்குப் பிறகுதான் நம் ஆட்கள் அடங்குகிறார்கள். அவர்களின் அந்த ஒரு நாளை நீ பிடித்துக் கொண்டுவந்தாய். நான் அதைத் தப்பு என்று ஒதுக்கிவிட்டு, மீதி நாள்களைக் கூட்டி அறிக்கை எழுதினேன்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கோட்டுக்கு அடியில் உன் எழுத்து தெளிவாகவே தெரிகிறது. 'கால் அசைவு' என்பதை அடித்துவிட்டு உன் எண்களைப் பக்கத்தில் திரும்ப எழுதினேன். அதற்குமேல் எனக்கு அங்கே உட்காரத் தோன்றவில்லை. சாயங்கால அளவுக்குப் புட்டிகளை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனேன்.

பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் பலகைமேல் நின்றேன். சேறு இன்னும் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருக்கவில்லை. சின்னச் சின்னக் குமிழிகள் தானாக வந்து உடைந்துகொண்டிருந்தன. அசையக் கூடாது என்று மூச்சைப் பிடித்தபடி நிற்கும் பழக்கம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். அப்படியே நின்று, வாய்விட்டே சொன்னேன்: "நீ கால அசைக்கலடி."

வரப்பில் வந்துகொண்டிருந்த அண்ணன் நின்றார். "யாருகிட்டம்மா பேசுற?"

"எங்கூட வருமே ஒரு பொண்ணு, அதுகிட்டண்ணே."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணா? மடை தொறந்த அன்னிக்கு ஒண்டியா வந்துச்சே, நா வரப்புல நின்னு எவ்ளோ நேரம் கூப்புட்டும் திரும்பிக்கூடப் பாக்கல. நட்டுவெச்ச கொம்பாட்டம் நின்னுச்சு" என்றார்.