முதலில் பொலிஸுக்குப் போகவேண்டுமாம்

வெள்ளி, 4 அக்டோபர்
புழுக்கம். ஏ.சி. தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் சத்தம். வாங்க வேண்டியவை: வெங்காயம், சோப், எரிகாயத்துக்குக் களிம்பு, ஊரில் இருக்கிற மரகதத்தின் மகளுக்கு ஒரு கவுன். இங்கே வந்த நாளிலிருந்து மரகதமாக வாய் திறந்து கேட்டது அந்தக் கவுன் ஒன்றுதான்.

மரகதம் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இங்கே வளைகுடாவில் வீட்டு வேலை. ஒப்பந்தம் முடிந்தும் வீட்டு எஜமான், அந்த அரபாப், ஊருக்கு விடவில்லை. பாஸ்போர்ட் அவனிடம். முழங்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. போன கிழமை குதைபியாவில் ஒரு கடையில் நான் இவரோடு தமிழில் சண்டை பிடித்ததைக் கேட்டு, பின்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் சண்டையால் ஒரு நன்மை.

பின்னேரம் இங்கே பஜனை. பெயருக்குத்தான் பஜனை. சங்கம் வைக்க அனுமதி இல்லாத இடத்தில் சாமிப் படம்தான் தலைவர், என் மனுஷன் செயலாளர். இரண்டு தேவாரம், பிறகு மனித உரிமை. பிராந்திய மனித உரிமை ஆணைக்குழுவின் உறுப்பினர் ஒருவர் அடுத்த கிழமை மனாமாவுக்கு வருகிறாராம். மரகதத்தின் மனுவை அவர் கையிலேயே கொடுப்பதாக முடிவு. டைப் அடிப்பது நான். வேறு யார்.

ஞாயிறு, 6
ஒஃபீஸில் தலையிடி. வந்து பார்த்தால் பாலா மாஸ்டர் கதிரையில். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே பாங்க் கிளார்க், பஜனையில் சட்ட நிபுணர். ஆணைக்குழு ஆட்களிடம் டெலிபோனில் கேட்டாராம். உள்ளூரில் முறையிட்டுப் பார்த்த பிறகுதான் மனுவை எடுப்பார்களாம். அதற்கு அத்தாட்சியும் வேண்டுமாம்.

"முதல்ல பொலிசுக்குப் போகவேணும். விதி எண்டால் விதி," மாஸ்டர்.

"ஓடி வந்த பிள்ளையைப் பொலிஸ் கபீலிட்ட, அந்த அரபாப்பிட்டத்தானே குடுப்பான்? உங்களுக்கென்ன விசரோ?"

"சும்மா இரும் நீர்," என்றார் இவர். "நாங்கள் மூண்டு பேரும் கூடப் போறம். படிச்ச ஆக்கள் நிண்டால் அவங்கள் மரியாதையாத்தான் நடத்துவாங்கள்."

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கூட்டம். முத்திரை குத்திய கடதாசி என்றால் எங்கள் ஆட்களுக்குக் கற்பூரம் கொளுத்த வேண்டும்.

மரகதம் குசினிக் கதவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "போலீசுக்குப் போனா ஊருக்கு அனுப்பிருவாங்களாக்கா?"

"ஓமோம், பயப்பிடாதை," என்றேன். அவர்களோடு அவ்வளவு சண்டை பிடித்த வாயால். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் டெலிபோன் நம்பரைப் பாடமாக்க வைத்தேன்.

செவ்வாய், 8
அரை நாள் லீவு. ஸ்டேஷன். மாஸ்டர் காரை விட்டு இறங்கவே இல்லை. தன் விசாவுக்குப் பொறுப்பான கபீலுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமாம். "நான் இஞ்ச இருந்து பாக்கிறன்." எதைப் பார்க்கிறது?

உள்ளே நல்ல மரியாதை. "பைட்டோ, பைட்டோ," என்று பொலிஸ்காரன் கதிரையைக் காட்டினான். தேநீர்கூட வந்தது. எல்லாவற்றையும் எழுதினான். தழும்பையும் பார்த்தான். பிறகு டெலிபோனை எடுத்தான். முறைப்பாடு செய்ததற்கு அத்தாட்சி தரவேண்டும் என்று இவர் பாதி இங்கிலீஷ் பாதி ஹிந்தியில் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே அரபாப் வந்துவிட்டான். அத்தர் வாசனை. கத்தவில்லை, ஒன்றுமில்லை. "யல்லா" என்று அவளுக்கு வாசலைக் காட்டினான், அவ்வளவுதான்.

மரகதம் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க சொன்னீங்கல்ல?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கடதாசி டைப் ஆகி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொலிஸ்காரன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பூப்போல. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

காரில் மாஸ்டர் கடதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பதான் மனு முறைப்படி இருக்கு."

கோதாரி விழுந்த மனு.

வியாழன், 10
காற்று, மண். கார்க் கண்ணாடி வெளுப்பாய்த் தெரிந்தது. ஆணைக்குழுக்காரர் தங்கிய ஹோட்டலில் வெகு நேரம் காத்திருப்பு. உறுப்பினர் வயதானவர், அன்பான முகம். மனு முழுவதையும் நிதானமாகப் படித்தார். கேள்வி எல்லாம் இங்கிலீஷில்.

அந்தப் பெண் இப்போது எங்கே? எஜமானிடம், என்றார் இவர். பொலிஸ் ஏதாவது செய்ததா? முறைப்பாட்டை எழுதினார்கள், அவரை அழைத்தார்கள், ஒப்படைத்தார்கள்.

"அப்படியென்றால் விஷயம் உள்ளூரிலேயே தீர்ந்துவிட்டதே. ஆணைக்குழு செய்வதற்கு என்ன இருக்கிறது?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். மாஸ்டர் முத்திரை குத்திய கடதாசியை எடுத்து மறுபடி நீட்டினார்.

"அவள் அழுதவள், ஐயா," என்றேன். தலையை ஆட்டினார். பேனாவை அதற்கு முதலே மூடிவிட்டிருந்தார்.

இரவு இவர் சாப்பிடவில்லை. "நான் நல்லதுக்குத்தானே செய்தனான்," என்றார். தெரியும். ஆத்திரம் அதில்தான். கெட்டவன் என்றால் திட்டித் தீர்க்கலாம். சோற்றை ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

வெள்ளி, 11
பஜனை இல்லை. மாஸ்டருக்குக் காய்ச்சலாம். வரட்டும். ஏ.சி. திருத்துகிறவன் வந்து, வேறு வாங்குங்கள் என்று சொல்லிப் போனான்.

மத்தியானம் டெலிபோன். மரகதம். மேடம் குளிக்கிறாளாம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா, கமிசன்காரரு வந்தாரா?"

"வந்தவர்."

"நம்ம மனுவப் பாத்தாரா?"

"பாத்தவர். முழுக்கப் படிச்சவர்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை என்னோடு வைத்துக்கொண்டேன்.

"அப்ப சரிக்கா. நான் துணியெல்லாம் கட்டி வச்சுக்கிறேன். பாப்பாவோட கவுன் ஒங்க வீட்டுலயே இருக்கு. என்னயக் கூட்டிட்டுப் போக வரும்போது மறக்காம எடுத்துட்டு வந்துருங்க."

வைத்துவிட்டாள். எப்போது வருவீர்கள் என்று கேட்கக்கூட இல்லை.