வக்கீலம்மாவுக்கு மண்டபக் கதவைத் திறக்க வேண்டும்

அனுப்புநர்:
ச. தயானி,
செயலாளர், மாதர் சங்கம்,
வெள்ளிமலைத் தோட்டம், மேற்பிரிவு,
ஹல்துமுல்லை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
ஹல்துமுல்லை.

விடயம்: இலவசச் சட்ட ஆலோசனை நடைபெறும் சமூக மண்டபத்தைத் தோட்ட நிர்வாகம் பூட்டியமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனுவை மகிழ்ச்சியோடு தொடங்குவது முறையல்ல என்பதை அறிவேன். ஆயினும் நல்ல செய்தியை முதலில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எமது லயத்து வரிசை வீடொன்றில் வசிக்கும் திருமதி பெரியாயியை வீட்டைவிட்டு வெளியேற்றத் தோட்ட நிர்வாகம் தொடுத்த வழக்கு, கடந்த மாதம் பண்டாரவளை நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோடு வழக்காடி வென்றது இதுவே முதல் தடவை.

2. வென்று தந்தவர் சட்டத்தரணி பாக்கியலெட்சுமி. கொஸ்லந்தவில் பிறந்து, ஐந்து வயதில் குடியுரிமை ஒப்பந்தத்தின்படி பெற்றோருடன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். கோத்தகிரியில் தேயிலைத் தொழிலாளியின் மகளாகவே வளர்ந்து, சட்டம் படித்து, நீலகிரி நீதிமன்றங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் வாதாடினார். பதுளைக்காரரை மணந்து திரும்பி வந்தபோது அந்தத் தகுதி இங்கே செல்லுபடியாகவில்லை. குடியுரிமை பெற்று, சிங்களம் கற்று, நாற்பது வயதில் பிள்ளை வயதினரோடு அமர்ந்து மறுபடியும் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார்.

3. பெரியாயி ஓய்வுபெற்றுவிட்டதாலும், மகன் ரஜீவ் நகரத்துக் கடையில் வேலை செய்வதாலும், தோட்டத்தில் வேலைக்கு ஆளில்லாத வீடு இது என்பதே நிர்வாகத்தின் வாதம். சட்டத்தரணி சிங்களத்தில் பதிலளித்துவிட்டு, பெரியாயி தமிழில் பேச அனுமதி கோரினார். "கொழுந்தெடுத்தே தேஞ்ச கையிங்க இது. புள்ள பெத்ததும் இந்த வீட்டுல, புருசனப் பறிகொடுத்ததும் இந்த வீட்டுல. எங்கங்க போகச் சொல்றீங்க?" என்றார் பெரியாயி. மொழிபெயர்ப்பாளர் அதை வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னார். தீர்ப்பன்று ஹல்துமுல்லை வரை பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தோம். அதட்ட வந்த கொண்டக்டர், விடயம் கேட்டதும் தாமும் கைதட்டினார்.

4. அடுத்த ஞாயிறு, எமது சமூக மண்டபத்தில் ஞாயிறுகளில் சட்டத்தரணி நடத்தும் இலவச ஆலோசனைக்குப் பூனாகலை, கொஸ்லந்த தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தனர். மண்டபத்தில் புதிய பூட்டுத் தொங்கியது. காரணம் கேட்டதற்குத் தோட்ட அலுவலகக் கிளாக்கர், "அந்தம்மா வந்து போனா லயத்து ஆளுங்க எல்லாம் கோட்டுக்குக் கெளம்பிடுவாங்கன்னு தொர சொல்றாருங்க" என்றார். துரை அவர்களின் அச்சம் முற்றிலும் நியாயமானது என்பதைத் தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறோம்.

5. அன்று பெருமழை. சட்டத்தரணி திரும்பிப் போகவில்லை. மண்டபப் படிக்கட்டில் அமர்ந்து, "கோத்தகிரியில இதவிட மழைங்க. மொதல்ல வந்தவங்க சொல்லுங்க" என்றார். நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் நஸ்மியா என்ற சகோதரி அவருக்குக் குடை பிடித்தபடியே தமது காணிப் பிணக்கைச் சொன்னார். இருட்டும்வரை ஒருவரும் கலையவில்லை.

6. இம்மண்டபம் அரச நிதியில், மக்கள் பாவனைக்கெனக் கட்டப்பட்டது. அதனைப் பூட்டும் உரிமை தோட்ட நிர்வாகத்துக்கு இல்லை எனச் சட்டத்தரணி எடுத்துரைத்தார். இப்படி ஒரு வாக்கியத்தை நானே எழுதுவேன் என்று போன வருடம் நினைத்ததில்லை.

எனவே, மண்டபத்தின் சாவியை மாதர் சங்கத்திடம் ஒப்படைக்குமாறு நிர்வாகத்துக்குத் தாங்கள் எழுத்தில் பணிக்க வேண்டுகிறோம். எதிர்வரும் ஞாயிறும் அவர் வருகிறார். கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் நாங்கள் கூடுவோம். ஆனால் வரிசை இப்போதே கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை நீள்கிறது ஐயா, படிக்கட்டு போதாது.

நம்பிக்கையுடன்,
ச. தயானி
(மாதர் சங்கத்தினர் அனைவருக்காகவும்)

இடம்: ஹல்துமுல்லை
திகதி: 14.07.2025