இரண்டு தோளுக்கும் இரண்டு அளவு

போன வாரம் இறுகிப்போன பழைய பச்சை ஜாக்கெட் ஒன்றைப் பிரித்தேன். இடது தோள் தையலுக்குள்ளிருந்து ஒரு ஸ்பாஞ்ச் துண்டு மடியில் விழுந்தது. நீ வைத்துத் தைத்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் அதில் உன் தையல் மிஷின் எண்ணெய் வாசம் அடித்தது. பிரமையாகவும் இருக்கலாம்.

என் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நீதான். நாம் பிளஸ் டூ முடித்த கையோடு நீ திருநின்றவூரில் உங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருந்தாய். டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, லெஃப்ட் தோளு எறங்கிகினு கீது?" என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பேச்சை மாற்றினாய். "அட வுடு. நான் எதுக்கு கீறேன்? ஒருத்தருக்கும் தெரியாம தச்சுத் தர்றேன்."

சொன்னபடியே செய்தாய். அம்பத்தூர் கம்பெனி இன்டர்வியூவுக்கு, பெண் பார்க்க வந்த அன்றைக்கு, முகூர்த்தத்துக்கு. மருமகள் என்னமாய் நிமிர்ந்து நடக்கிறாள் என்று என் மாமியார் யாரிடமோ பெருமையடித்ததைக் கேட்டு, நாம் பந்தியில் புரையேறச் சிரித்தோமே!

இப்போது எனக்கு முப்பத்தைந்து. ஆவடியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டு போக முடியவில்லை. ஒரு டாக்டர், கம்பியும் திருகும் வைத்து நிமிர்த்திவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்கிறார். ஆனால் அதன் பிறகு முதுகு முன்போல் வளையாதாம், நரம்புக்கும் கொஞ்சம் ஆபத்து உண்டாம். இன்னொருவர், உடற்பயிற்சி செய்துகொண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். இருவரும் கேட்டது ஒன்றைத்தான்: வளைவு கூடிக்கொண்டே போகிறதா, பழைய எக்ஸ்ரே இருக்கிறதா? எங்கே இருக்கும்? நான் ஆஸ்பத்திரிக்கா போனேன், உன்னிடம் அல்லவா வந்தேன்.

அப்போதுதான் உன் அளவு நோட்டு ஞாபகம் வந்தது. உன் அக்கா பீரோ மேலிருந்து எடுத்துத் தந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் பெயருக்குக் கீழே இரண்டு தோளுக்கும் தனித்தனி அளவு. முதல் வருஷம் வித்தியாசம் கால் இஞ்ச். கடைசி வருஷம் ஒன்றேகால்.

"அவ சொல்லிகினே இருப்பா," என்றாள் அக்கா. "ஏறிகினே போவுதுக்கா, அவளாண்ட சொல்லாத, பயந்துடுவான்னு."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சொல்லியிருந்தால் உடம்பில் தெம்பு இருந்தபோதே போய்க் காட்டியிருப்பேன் இல்லையா? ஆனால் சொல்லியிருந்தால் அந்த இன்டர்வியூவுக்குப் போயிருப்பேனா, கல்யாணத்துக்குத் துணிந்திருப்பேனா? உனக்கு நன்றி சொல்வதா, உன்னோடு சண்டை போடுவதா என்றே விளங்கவில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்த முதல் டாக்டர், "இது எக்ஸ்ரே ஆகாதும்மா. ஆனா கூடிட்டு வருதுன்னு தெரியுது. யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். யோசிக்கிறேன். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. சாயங்காலம் மகளுக்குக் குனிந்து ஷூ கழற்றும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. நாளுக்கு இரண்டு முடிவு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலைத் திறந்துவிட்டு, வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "நல்லாப் பாருங்க," என்றேன். லேசான கூன் என்று மட்டும்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். வளைவின் மேல் விரலை மெல்ல ஓட்டினார்.

"வலிக்குதா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் நீ என்னைக் கேட்காத கேள்வி. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நீ அளவை மறைத்தாய், நான் வலியை மறைத்தேன். ஒருவரையொருவர் பயப்படவிடாமல் பார்த்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டோம்.

"வலிக்குது," என்றேன் அவரிடம். சொன்னதும் உன் நினைப்புதான் வந்தது. அதை முதலில் உன்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.