இடப்பக்கம் இரண்டு கால்

மார்ச் 3

அன்புள்ள கடுகு,

நலம்தானே? என் தம்பி நேற்று போனில் உன் சமையலைக் குறை சொன்னான். ஆக, இருவரும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

பெட்டிக்குள் ஒரு குப்பி வைத்திருக்கிறேன். நீ இந்த அருங்காட்சியகத்தில் என்னிடம் ஆய்வு மாணவியாக இருந்தபோது கழிமுகச் சேற்றில் சேர்ந்து அள்ளினோமே, பக்கத்துக்கு ஐம்பது கால் உள்ள அந்த முட்புழு. ஏழு கிடைத்தன. அவற்றில் இது ஒன்றுதான் உடையாமல் முழுசாக, தொண்டையை வெளியே துருத்தியபடி செத்தது. மற்ற ஆறின் துண்டுகளைப் போன வருடமே உனக்கு அனுப்பிவிட்டேன். என் புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் மரபணு விவரமும் வேண்டும் என்கிறார்கள். இது ஒன்று முடிந்தால் வேலை முடிந்தது.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். நடு உடம்பில், இடப்பக்கம், இரண்டு கால். அதற்கு மேல் ஒரு முள்மயிர்கூட வேண்டாம். வலப்பக்கம் பின்னால் ஆராய வருகிறவர்களுக்கு. தலை எல்லோருக்கும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

குப்பி பத்திரமாக வந்தது. சமையலைப் பற்றி உங்கள் தம்பியிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இரண்டு காலிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தொன்பது வருடப் பழைய ஸ்பிரிட்டில் மரபணு சிதைந்துவிட்டது. இன்னும் இரண்டு எடுத்தேன், அதிலும் இல்லை. தசை அதிகம் இருப்பது தொண்டையில்தான். அதனால் தலையை எடுத்து அரைத்தேன். கிடைத்தது.

முடிவை நேராகச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஆறும் ஒரே இனம். இது வேறு. மரபணுவை எழுத்தாகப் படித்தால், நூறு எழுத்துக்குப் பதினெட்டு மாறுகிறது. நீங்கள் ஒரே பெயரில் வைத்திருப்பது இரண்டு இனங்கள்.

மீதி உடம்பை இத்துடன் அனுப்புகிறேன்.

கடுகு

ஏப்ரல் 2

மரபணு ஆய்வகத்துப் பெரிய மேடம் அவர்களுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

குப்பியைத் திறந்தேன். புழு கழுத்தோடு முடிந்துவிட்டது. நான் கேட்டது இரண்டு கால். நீங்கள் எடுத்துக்கொண்டது நாலு காலும் ஒரு தலையும். போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விரல் தேய்ந்திருக்குமா?

இந்த வகைப் புழுவைத் தொண்டையில் இருக்கிற பற்களை வைத்துத்தான் பிரிக்கிறோம். அந்தப் பாடத்தை என்னிடம்தான் படித்தீர்கள். இப்போது முகமே இல்லாத ஒன்றைத் திருப்பி அனுப்பி, ‘இது வேறு இனம்’ என்கிறீர்கள். நாளைக்கு ஒருவர் வந்து, அது பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? கலங்கலாக, ஒரு துளி இருந்தது என்றா?

உங்கள் மெஷின் பதினெட்டு என்று சொல்லட்டும், எண்பது என்று சொல்லட்டும். என் புத்தகத்தில் ஏழும் ஒரே இனம்தான். அப்படியேதான் அச்சாகும்.

இப்படிக்கு,
புழு அறைப் பொறுப்பாளர்

ஏப்ரல் 9

அக்கா,

கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. அது தப்பு.

அந்தத் தலையை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? நான் சொல்கிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஜன்னலோர மேசையில். நான் வரைந்துகொண்டு வந்து நீட்டினேன். தொண்டை வளையத்தில் ஐந்து கரும்பற்கள். “மத்த ஆறுலயும் இது இல்லக்கா, இது வேற புழு மாதிரி தெரியுது” என்றேன். லென்ஸில் ஒரு நொடி கண்ணை வைத்தீர்கள். “அது மண்ணு. கழுவிட்டு வரை. மண்ணுக்கும் பல்லுக்கும் வித்தியாசம் தெரியல, புழு பாக்க வந்துட்டா!” என்றீர்கள். அறையே சிரித்தது. ஆறு மாதம் எல்லோரும் என்னை ‘மண்ணு’ என்றுதான் கூப்பிட்டார்கள். என் கல்யாணப் பந்தியில்கூட நீங்கள் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். நானும் சிரித்தேன்.

மைக்ரோஸ்கோப்பை விட்டு ஏன் இந்தப் பக்கம் வந்தேன் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

அரைக்கும் முன்னால் அந்தத் தலையைப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. கழுவியும் பார்த்தேன், மூன்று தடவை. போட்டோ எடுத்திருக்க வேண்டும். கை கேமராவரைக்கும் போனது. இனி யாரிடமும் எதையும் காட்டி நிரூபிக்கத் தேவையில்லை என்று ஒரு வெறி வந்தது. அரைத்துவிட்டேன். அந்தக் குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறேன். மற்றதை அல்ல.

உங்கள் தம்பி என் பின்னாலேயே சுற்றுகிறார். “ஒரு புழுவுக்காடி அக்காவோட சண்ட போடுவ?” என்கிறார். “உங்களுக்குத்தான் அது ஒரு புழு, எங்களுக்கு ரெண்டு” என்றேன்.

மண்ணு

மே 21

அன்புள்ள கடுகு,

கோபம் இன்னும் ஆறவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் அலமாரியைக் குடைந்தேன். உன் படம் இருந்தது. பற்களே இல்லாத வெறும் தொண்டை, சுத்தமான கோடுகள். ‘பார், நீயே வரைந்தது’ என்று முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன். தாளை உறைக்குள் மடிக்கும்போதுதான் திருப்பினேன்.

பின்பக்கத்தில் முதல் படம். அதன் குறுக்கே என் கையெழுத்தில், சிவப்பு மையில்: ‘மண். கழுவிவிட்டுத் திரும்ப வரை.’ சொன்னபடி நீ பற்களை விட்டுவிட்டு மறுபக்கத்தில் வரைந்திருக்கிறாய். அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து லேபிள் எழுதினேன். எழுதிய பிறகு குப்பியையும் திறக்கவில்லை, தாளையும் திருப்பவில்லை.

ஐந்து புள்ளிகளையும் லென்ஸில் வைத்துப் பார்த்தேன். ஒரே வளைவில், ஒரே இடைவெளியில். மண் அப்படி வரிசையாக உட்காராது. ஒரு நொடி கூடுதலாகப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இந்த ஒரு மாதமாக அந்த நொடியோடுதான் எனக்குச் சண்டை. உன்னோடு போட்டதைவிடப் பெரிய சண்டை.

அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். புத்தகத்தில் இரண்டு இனங்கள் வரும். இரண்டாவதுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே முகம் உன் படம்தான். சிவப்பு வரியை எடுத்துவிட்டுப் போடலாம் என்றார் அச்சகத்துக்காரர். கூடாது என்றேன். படம் யார் வரைந்தது, அதன் குறுக்கே கிறுக்கியது யார் என்று அடியில் இரண்டும் இருக்கும்.

மூலப் படத்தை உனக்கு அனுப்ப மாட்டேன். அரைத்துவிடுவாய்.

மீதி உடம்பு என் மேசையில் இருக்கிறது. இடப்பக்கம் இன்னும் நாற்பத்தாறு கால் பாக்கி. வேண்டுமானால் நீயே வந்து, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து வெட்டிக்கொள்.

என்னைக் கேட்டுவிட்டு.

அக்கா